யாருமில்லாத ஊரின் முன்வாசல்

சுந்தராபுரத்தில் நான் வேலை செய்த வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது தொண்ணூற்றி ஆறிலோ ஏழிலோ. வருஷம் சரியாக நினைவில்லை. சித்திரை வெயில் நினைவிருக்கிறது. வேனில் இருந்து அட்டைப் பெட்டிகளை இறக்கினார்கள். நான் முன்வாசலைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஈரத்தில் ஆள் வழுக்கினால் பெட்டி போய்விடும், நிறுத்து என்றார்கள். நிறுத்தினேன். சந்து வழியாகச் சுற்றிப் பொடக்காலிக்குப் போனேன். பாத்திரம் அங்கே கிடந்தது.

பொடக்காலி என்பது வீட்டின் பின்பக்கம். துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டி, பாத்திரம் கழுவுகிற இடம் எல்லாம் அங்கேதான். என் வழியும் அதுதான். முன்வாசலைத் தினமும் கழுவுவேன். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். ஆனாலும் கோலம் எனக்கு நன்றாக வரும், போடுவேன். உள்ளே போவது மட்டும் பின்னால். அப்படிப் போ என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஊரில் என் அம்மா தோட்டத்து வீடுகளுக்கு அப்படித்தான் போனாள். எனக்கும் கால் தானாகத் திரும்பியது.

வீட்டில் மூன்று பேர். மோட்டார் பம்புக்கு வார்ப்பு ஊற்றும் பட்டறை வைத்திருந்தவர். அவர் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். அவருடைய அம்மா. அந்தத் தையில் அவர் கட்டிக்கொண்டு வந்த பெண். மாமியாரை நான் பெரியம்மிணி என்பேன். மருமகளைச் சின்னம்மிணி. சின்னம்மிணிக்குத் தாராபுரம். எனக்கும் அந்தப் பக்கம்தான். அவர்களுக்குத் தோட்டம் இருந்தது. எங்களுக்குத் தோட்டத்தில் வேலை இருந்தது.

கம்ப்யூட்டரைப் பட்டறைக் கணக்குக்காக வாங்கினார்கள். ஓர் அறையில் மேஜை போட்டு வைத்தார்கள். அந்த அறைக்குள் செருப்பு ஆகாது. வைத்த அன்றே திரைக் கண்ணாடி மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தார் பெரியம்மிணி. எல்லா மெஷினுக்கும் வைப்பதுதானே. அந்தப் பொட்டை யாரும் துடைக்கவில்லை. என்ன படம் வந்தாலும் மேல் மூலையில் ஒரு குங்குமப் பொட்டு இருக்கும். கணக்கு எழுத ஆள் அமையவில்லை. பெட்டி துணி உறைக்குள் சும்மா இருந்தது.

பெட்டியோடு சில சிடி இனாமாக வந்திருந்தது. அதில் ஒன்று விளையாட்டு.

ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது சின்னம்மிணி கூப்பிட்டார்.

"ஏனக்கா, சித்த இங்க வாங்களே."

"கை ஈரமுங்க."

"தொடச்சுட்டு வாங்க. ஒரு சத்தம் கேக்குது. அது என்ன சத்தம்னு சொல்லுங்க."

சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு அந்த அறை வாசலில் நின்றேன். திரையில் ஒரு மலை. மலைமேல் ஓர் ஊர். கல் படிகள், ஓட்டு வீடுகள், ஒரு மணிக்கூண்டு. ஆளே இல்லை. எங்கேயோ ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"தண்ணிங்க," என்றேன். "மூடி கெடக்கற வாய்க்கால்ல ஓடுது."

"அட, ஆமா! நான் காத்துன்னு நெனச்சு அந்தக் கூண்டையே சுத்திச் சுத்தி வந்தேன்."

அவர் திரும்பிப் படியில் இறங்கினார். இறங்கினார் என்றால் மவுஸை அழுத்தினார். படம் மாறியது. இன்னும் கீழே ஒரு கல் மூடி. அதை அழுத்தியதும் நகர்ந்தது. அடியில் தண்ணீர் ஓடியது.

"பாருங்க்கா! பாருங்க்கா!" என்று நாற்காலியிலேயே குதித்தார்.

நானும் பார்த்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் நினைவு வந்தது.

அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்னம்மிணியின் வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டுகிற விளையாட்டும் சுடுகிற விளையாட்டும் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை விளையாடுவார். அதில் எல்லாம் அவசரம். இது அப்படி இல்லை. சாவு கிடையாது. கடிகாரம் கிடையாது. தோற்றுப்போனாய் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஓர் ஊர் இருக்கும், அதில் நடக்கலாம். ஒரு பிடி தென்பட்டால் இழுக்கலாம். இழுத்தால் எங்கேயோ ஒன்று நகரும். எது நகர்ந்தது என்று தேடிப் போக வேண்டும். பூட்டு ஓரிடத்தில், அதற்கு வழி வேறிடத்தில். அவ்வளவுதான்.

அதில் நம் உருவம் தெரியாது. கார் விளையாட்டில் கார் தெரியும். இதில் கை கூடத் தெரியாது. கண் மட்டும்தான். அந்த ஊரை யார் பார்க்கிறார்களோ அவர்கள்தான் அங்கே நிற்கிறார்கள். சின்னம்மிணி பார்த்தால் சின்னம்மிணி. நான் பார்த்தால் நான். அந்த ஊருக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒன்றுதான். இதை அப்போது இப்படி யோசிக்கவில்லை. அங்கே போவது சுகமாக இருந்தது என்பது மட்டும் தெரிந்தது.

தினமும் வேலை முடிந்ததும் கொஞ்ச நேரம் பார்க்க ஆரம்பித்தோம். முதலில் அறை வாசலில் நின்றேன். பிறகு கதவோரம் தரையில் உட்கார்ந்தேன். ஒரு நாள் சின்னம்மிணி சமையலறையில் இருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டார்.

"கழுத்து வலிக்கப் போவுது. இதுல குக்குங்க."

உட்கார்ந்தேன். பெரியம்மிணி அந்தப் பக்கம் வந்தார். ஸ்டூலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அந்த ஸ்டூலு ஆடும். பாத்து," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவருக்குப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. தினமும் வாசலில் நின்று ஏதாவது சொல்லுவார்.

"ரெண்டு பேரும் இன்னைக்கு எந்த ஊரு? டிக்கெட் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சுங்கத்தை. உங்களுக்கும் ஒண்ணு எடுக்கட்டுங்களா?"

"எனக்கு எதுக்குச் சாமி? மனுசரு இல்லாத ஊருல எனக்கென்ன சோலி? வாயத் தொறந்து நாலு வார்த்த பேச ஆளு வேணுமல்லோ."

தண்ணீர் விஷயம் எங்களுக்குப் பல நாள் எடுத்தது. அந்த மலையூரில் மடைகள் இருந்தன. எதைத் திறந்து எதை அடைத்தால் மணிக்கூண்டுச் சக்கரத்துக்குத் தண்ணீர் போகும் என்று கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் ஊரில் மேல்மடை முதலில், கடைமடை கடைசியில். நான் அப்படியே சொன்னேன். தப்பு. சின்னம்மிணி வேறு மாதிரி சொன்னார். அதுவும் தப்பு. அவர் வரப்பில் நின்று தண்ணீர் பாய்வதைப் பார்த்தவர். நான் சேற்றில் நின்று பார்த்தவள். இரண்டு பேர் பார்த்ததையும் சேர்த்துப் பேசினோம். எப்படியோ சக்கரம் சுற்றியது. மணி அடித்தது. அந்த ஊரில் முதல் மணி. பெரியம்மிணி கூட உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கோயலு மணியா?"

"இல்லீங்கத்தை, பள்ளிக்கூடத்து மணியாட்டம் இருக்குது."

"புள்ளைக யாரும் வரக் காணம்," என்றார் பெரியம்மிணி.

வெளியே வந்தால் கண் வேறு மாதிரி ஆகியிருந்தது. தெருவில் நடந்தால் குழாய் எங்கே போகிறது, எந்தக் கம்பி எந்த வீட்டுக்குப் போகிறது என்று பார்த்தேன். முன்பெல்லாம் தலையைக் குனிந்து நடப்பேன். நேரமாகிவிடும் என்கிற நினைப்பு மட்டும் இருக்கும். இப்போது சுவர்களைப் பார்த்தேன். அப்படித்தான் வீடு வாடகைக்கு என்று எழுதித் தொங்கிய போர்டுகளும் கண்ணில் பட்டன.

வீடு எங்களுக்கு வேண்டியிருந்தது. பக்கத்துப் போத்தனூரில் லைன் வீட்டில் இருந்தோம். ஒட்டு ஒட்டாக ஆறேழு வீடு, எல்லாவற்றுக்கும் ஒரே குழாய். லைன் வீட்டு ஓனர் அந்த வைகாசியில் வந்து சொன்னார். இடித்துவிட்டுக் குடோன் கட்டப் போகிறாராம். ஆடி முடிந்ததும் காலி செய்ய வேண்டும். என் வீட்டுக்காரர் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குபவர். எங்களுக்கு ஒரே மகள். போத்தனூர்ப் பள்ளியில் நாலாவது படித்தாள்.

"ஊடு கெடைக்கலீன்னா ஊருக்கே போயர்லாம்," என்றார் என் வீட்டுக்காரர்.

"ஊருல என்ன இருக்குது?"

"உங்கம்மா இருக்குது."

"எங்கம்மா காட்டு வேலைக்குப் போயிட்டு இருக்குது. நானும் போவேன். அப்பறம் இவளும் வருவா."

மகள் பல்லாங்குழிக் காய்களை எண்ணிக்கொண்டிருந்தாள். எனக்கு வேண்டியது ஒன்றுதான். ஒரு அறையானாலும் சரி, போத்தனூரில் ஒரு வீடு. ஆடி முடிவதற்குள்.

தேடினேன். போர்டு தொங்குகிற வீடாகப் பார்த்துப் போனேன். முன்பக்கம் கேட் இருக்கும். காலிங் பெல் இருக்கும். நான் சந்தில் நுழைந்து பின்னால் போவேன். துவைக்கிற கல் பக்கத்தில் நின்று ஏனுங்க என்று கூப்பிடுவேன். உள்ளிருந்து யாராவது எட்டிப் பார்ப்பார்கள்.

"வேலைக்கு எங்களுக்கு ஆளு இருக்குது, போ."

நான் வாயைத் திறப்பதற்குள் கதவைச் சாத்திவிடுவார்கள். வேறொரு வீட்டில் கதவைச் சாத்தவில்லை.

"வா, வா. உன்னைத்தான் எதிர்பாத்துட்டு இருந்தேன். மூணு நாளாப் பாத்தரம் அப்படியே கெடக்குது."

"இல்லீங்க, நான் வந்து..."

"எவ்வளவு கேக்கற?"

பாத்திரங்களைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. கழுவிக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை.

சாயந்திரம் என் வீட்டுக்காரர் கேட்டார்.

"ஊடு கெடைச்சுதா?"

"வேலை கெடைச்சுது."

கையில் இருந்த சோற்றை வட்டிலில் போட்டுவிட்டுச் சிரித்தார்.

"இன்னும் நாலு ஊடு பாரு. நாலு ஊட்டு வேலையும் சேந்துரும். அப்பறம் தூங்க நேரமிருக்காது. ஊடு எதுக்கு?"

நானும் சிரித்தேன். அப்போதும் எனக்குப் புரியவில்லை. காலி வீடு இல்லை என்பதால்தான் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆடி பிறந்தது. முதல் ஆடி என்பதால் சின்னம்மிணியை அழைத்துப்போகத் தாராபுரத்தில் இருந்து அவருடைய அப்பா அம்மா வந்தார்கள். புதுப் பெண்ணை ஆடியில் தாய்வீட்டுக்குக் கூட்டிப் போவது வழக்கம். பை எல்லாம் கட்டி வைத்துவிட்டுச் சின்னம்மிணி என்னிடம் வந்தார்.

"அக்கா, அந்தப் பொட்டிய ஒரு மாசம் மூடி வச்சா ஈரத்துல கெட்டுப்போயிருமாம். தெனமும் கொஞ்ச நேரம் போட்டு வைக்கோணும்னு உங்க தம்பி சொல்லிப்போட்டாரு. நீங்க போட்டு வைங்க."

அவருடைய புருஷனை என்னிடம் பேசும்போது உங்க தம்பி என்றுதான் சொல்லுவார்.

"நானுங்களா? ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா?"

"என்ன ஆவும்? போடறது தெரியும், அமத்தறது தெரியும். சும்மா போட்டு வைக்காதீங்க. வெளாடுங்க. மேல ஒரு பெரிய ஊடு இருக்குதல்லோ, அதுக்குள்ள எப்படியாச்சும் போயி வைங்க. நான் வந்து பாக்கறேன்."

மணி அடித்த பிறகு மலையூரின் உச்சிக்குப் போகிற பாதையில் ஒரு கேட் திறந்திருந்தது. மேலே ஒரு பெரிய வீடு. அங்கே போய்ச் சேர்ந்த அன்றுதான் சின்னம்மிணி கிளம்பினார்.

மறுநாள் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, துணி உறையை எடுத்து மடித்து வைத்தேன். சுவிட்சைப் போட்டேன். நாற்காலியில் உட்காரவில்லை, ஸ்டூலையே இழுத்துப் போட்டுக்கொண்டேன். மவுஸ் என் கைக்குச் சின்னதாக இருந்தது. அம்பு அங்கேயும் இங்கேயும் ஓடியது. கொஞ்ச நேரத்தில் பிடிபட்டுவிட்டது.

பெரிய வீடு எதிரில் நின்றது. அகலமான படி. பாதை வீட்டுக்குப் பக்கவாட்டில் வளைந்து போனது. நான் பாதையில் போனேன். பின்னால் ஒரு கிணறு. விறகு அடுக்கு. ஒரு சின்னக் கதவு. கதவை அழுத்தினேன். உள்தாழ்ப்பாள் போட்ட சத்தம் வந்தது. திறக்கவில்லை.

கிணற்றுக்குள் பார்த்தேன். ஒன்றும் இல்லை. விறகை ஒவ்வொன்றாக அழுத்தினேன். அசையவில்லை. சுவரில் ஒவ்வொரு கல்லையும் அழுத்தினேன். மறுநாளும் அதையே செய்தேன். அதற்கு மறுநாளும். பாதையில் கீழே இறங்கிப் போய் மடைகளை மாற்றிப் பார்த்தேன். மணி நின்றுபோனது. மறுபடி ஓட வைத்துவிட்டு மேலே வந்தேன். சின்னக் கதவு அப்படியே இருந்தது.

மருமகள் இல்லாத வீட்டில் பெரியம்மிணிக்குப் பொழுது போகவில்லை. மவுஸ் சத்தம் கேட்டால் வந்துவிடுவார். நாற்காலியில் அவர் உட்காருவார். ஸ்டூலில் நான்.

"இது யாரு ஊடு?"

"தெரியலீங்க பெரியம்மிணி."

"நல்லாக் கட்டியிருக்கறான். மரமெல்லாம் தேக்காட்டம் இருக்குது. கெணத்துல தண்ணி இருக்குதா?"

"இல்லீங்க."

"மேட்டுல கெணறு வெட்டுனா எங்க வரும்? முட்டாப் பய."

அப்படியே சில நாள் ஓடியது. வீடு தேடுவதும் அப்படியே ஓடியது. ஆடி பாதி போய்விட்டது. நான் போகிற வழியில் ஒரு போர்டைக் கழற்றிவிட்டிருந்தார்கள். வேறு யாரோ குடி வந்துவிட்டார்கள்.

அன்றைக்கு நான் ஒன்றையும் அழுத்தவில்லை. சின்னக் கதவுக்கு எதிரில் நிறுத்திவிட்டு, மவுஸில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். திரையில் கதவு. மூலையில் குங்குமப் பொட்டு.

"என்ன புள்ள, சும்மா குக்கியிருக்கற?"

"பாக்கறேனுங்க. உள்ள இருந்து யாராச்சும் தொறப்பாங்களான்னு."

"அடக் கூத்தே! ஆளே இல்லாத ஊருன்னு நீங்க ரெண்டு பேருந்தான சொன்னீங்க? யாரு வந்து தொறப்பாங்க?"

பெரியம்மிணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நானும் வந்த நாள்ல இருந்து பாக்கறேன். முன்னால அத்தாப் பெரிய வாசல் இருக்குது. படி இருக்குது. கதவு இருக்குது. நீ எதுக்குப் பொடக்காலியவே சுத்திச் சுத்தி வர்ற? முன்வாசல்ல போவியா, அத உட்டுப்போட்டு..."

அங்கே நிறுத்திவிட்டார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் திரையைப் பார்த்தோம்.

மவுஸை எடுத்தேன். பாதையில் திரும்பி முன்பக்கம் வந்தேன். படி. படிக்கு மேல் கதவு. இத்தனை நாளும் அம்பை அதன் மேல் ஒரு தடவை கூட வைக்கவில்லை. வைத்தேன். அழுத்தினேன். பூட்டு இல்லை. தாழ் இல்லை. மரம் உரசுகிற ஒரு சத்தத்தோடு கதவு மெதுவாக உள்பக்கம் நகர்ந்தது.

கரண்ட் போய்விட்டது.

மேஜைக்கு அடியில் யூபிஎஸ் கீச்கீச்சென்று கத்தியது. அது கத்தினால் உடனே அமத்திவிட வேண்டும் என்பது உத்தரவு. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே அமத்தினேன். திரை கறுத்தது. பொட்டு மட்டும் தெரிந்தது.

"நீ ஊடு தேடறயாமா?" என்றார் பெரியம்மிணி.

"ஆமாங்க."

"எப்பிடிக் கேக்கற?"

"போர்டு பாத்துப் போவேனுங்க. பொறத்தால நின்னு கூப்புடுவேன். வேலைக்கு ஆளு வேண்டாம்னு சொல்லிப்போடறாங்க."

பெரியம்மிணி எழுந்து சமையலறைக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்துக் காப்பி கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் அவரும் ஊர்க் கோயில் நோம்பித் திருவிழாவுக்குப் போய்விட்டார். நான் பெட்டியைப் போட்டு வைத்தேன். விளையாடவில்லை. அவசரத்தில் அமத்தியதால் திறந்த கதவு போய், விளையாட்டு மறுபடி கேட்டுக்குக் கீழே நின்றது. உள்ளே போவது சின்னம்மிணியோடுதான் என்று வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயில் பூசை முடிந்ததும் என் வீட்டுக்காரரையும் மகளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். கோயிலுக்குக் கட்டிய சேலையோடு நடந்தேன். முதலில் ஒரு மாடி வீடு. மேல் போர்ஷன் காலி என்று போர்டு இருந்தது. சந்து இடது பக்கம் இருந்தது. கால் அங்கே திரும்பியது. நிறுத்தினேன். கேட்டைத் திறந்தேன். கேட் கீச்சிட்டது. யாரும் சத்தம் போடவில்லை. படி ஏறிப் பெல்லை அழுத்தினேன்.

வேட்டி கட்டிய ஒருவர் வந்தார்.

"என்னங்க?"

என்னங்க என்றார். போ என்று சொல்லவில்லை.

"ஊடு பாக்க வந்தேனுங்க."

"யாருக்கு?"

"எங்களுக்குத்தானுங்க."

"நீங்க என்ன ஆளுங்க?"

சொன்னேன். அவர் போர்டைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார்.

"ஊடு பேசியாச்சு. போர்டக் கழட்டோணும்," என்றார்.

சரிங்க என்று சொல்லிவிட்டு இறங்கினேன். தெருவுக்கு வந்து கேட்டைச் சாத்தினேன். பயம் இல்லை. கோபம் இருந்தது. இன்னொன்றும் இருந்தது. பொடக்காலியில் நின்றபோது இல்லை என்றுகூட யாரும் எனக்குச் சொன்னதில்லை. இங்கே கேட்டேன், பதில் வந்தது. அந்த மலையூரில் ஒரு கல்லை அழுத்தி அது அசையாவிட்டால் உட்கார்ந்து அழுகிறோமா என்ன. அடுத்ததை அழுத்துவோம். நடந்தேன்.

அடுத்த போர்டு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டை ஒட்டிய தெருவில். ஓட்டு வீடு. முன்னால் கம்பி போட்ட வராந்தா. பக்கத்தில் அதே மாதிரி சின்னதாக இன்னொரு வீடு, அது காலி. பெல் இல்லை. கம்பிக் கதவைத் தட்டினேன். கண்ணாடி போட்ட ஓர் அம்மா முறத்தோடு வந்தார்.

"ஊடு பாக்க வந்தேனுங்க."

முறத்தைக் கீழே வைத்தார்.

"எத்தன பேரு?"

"மூணு பேருங்க. ஒரு புள்ள, நாலாவது படிக்குது."

"எந்தூரு?"

"தாராபுரம் பக்கமுங்க. இப்ப இங்க லைன் ஊட்டுல இருக்கறோம். இடிக்கறாங்க."

அவரும் கேட்டார், என்ன ஆளுங்க என்று. அவருக்கும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தார். நிறைய நேரம் துடைத்தார். நான் நின்றேன். திரும்பிப் போகிற மாதிரி நிற்கவில்லை.

"தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்காத்தான் உடறான்," என்றார். "புடிச்சு வச்சுக்கோணும். பரவால்லீங்களா?"

"பரவால்லீங்க."

"ரயிலு சத்தம் கேட்டுட்டே இருக்கும்."

"எங்கூட்டுக்காரரு கூட்ஸ் ஷெட்டுலதானுங்க. சத்தம் இல்லீன்னாத்தான் அவருக்குத் தூக்கம் வராது."

சிரித்துவிட்டார். சாவி எடுத்து வந்தார். வராந்தாக் கம்பிக் கதவைத் திறந்து என்னைத்தான் முதலில் போகச் சொன்னார். ஓர் அறை, ஒரு சமையல் கட்டு. ஜன்னல் இரண்டு. பின்னால் ஒரு கதவு, அதற்கு அப்பால் துவைக்கிற கல். எல்லாம் பார்த்தேன். சுவரில் ஓதம் எங்கே ஏறியிருக்கிறது, குழாய் எங்கே போகிறது, ஓட்டில் வெளிச்சம் எங்கே விழுகிறது. அந்த அம்மா பொறுமையாக நின்றார்.

"இப்பிடிப் பாக்கற ஆள நான் பாத்ததில்ல. ஊட்ட வாங்கப் போறவங்களாட்டப் பாக்கறீங்க," என்றார்.

"ஆடியில யாரையும் குடி வைக்க மாட்டேன். ஆவணி பொறந்ததும் வாங்க," என்றும் சொன்னார். எங்களுக்கு ஆடி ஒன்றும் தடையில்லை. ஆனாலும் சரிங்க என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு எந்த ஊட்டுல வேலை?" என்றார்.

சாவியைக் காட்டினேன். ஆவணியில்தான் குடி, ஆனாலும் வெள்ளையடித்துக்கொள் என்று அந்த அம்மா கையிலேயே கொடுத்துவிட்டார். என் வீட்டுக்காரர் ஈரத் துணியைத் தோளில் போட்டபடி சாவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எப்பிடிக் கெடைச்சுது?"

"தட்டுனேன்," என்றேன்.

ஆடி முடிந்து சின்னம்மிணி வந்தார். பைகளை இறக்கும் முன்பே கேட்டார்.

"போனீங்களாக்கா? அந்த ஊட்டுக்குள்ள போனீங்களா?"

"கதவு தொறந்துச்சுங்க. கரண்டு போயிருச்சு."

"எப்படித் தொறந்தீங்க? சாவி எங்க இருந்துச்சு?"

"சாவியே இல்லீங்க. தொறந்துதான் கெடந்துச்சு."

பெரியம்மிணி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஸ்டூலும் நாற்காலியுமாக உட்கார்ந்து அந்த வீட்டுக்குள் போனோம். தை வரைக்கும் அந்த மலையூரில் சுற்றினோம். அதற்குள் சின்னம்மிணிக்கு வயிற்றில் குழந்தை. குமட்டல் வந்தால் அவர் போய்ப் படுத்துக்கொள்வார். அங்கிருந்தே கேட்பார், இப்ப எங்க இருக்கறீங்க என்று. நான் இருக்கிற இடத்தைச் சொல்லுவேன்.

அந்த வீட்டில் எனக்குப் பின்வழிதான், வேலையை விடும் வரைக்கும். முன்னால் வாங்க என்று சின்னம்மிணி ஒரு தடவை சொன்னார். துடைப்பம் பொடக்காலியில் இருந்தது. அங்கேயே போனேன். வேலைக்குப் போகும்போது அந்த வழி போதும். வேறு காரியத்துக்குப் போகும்போது வேறு வழி இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. மகளைச் சேர்க்கப் பெரிய பள்ளிக்குப் போனபோதும் நேராகத்தான் போனேன்.

புது வீட்டுக்குப் போன சில நாள் கழித்து ஒரு சாயந்திரம். பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கம்பிக் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"ஏனுங்க, ஊட்டுல யாருங்க?"

குரல் தெரிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் ஓடினேன். பெரியம்மிணி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வாசலில் நின்றார். ஸ்டேஷனுக்கு வந்தாராம், அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். கதவைத் திறந்தேன். செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தார்.

"காத்து வருது," என்றார்.

காப்பி போட்டேன். குடிப்பாரா என்று தெரியவில்லை. முன்னால் வைத்தேன். எடுத்துக் குடித்தார். சர்க்கரை தூக்கல் என்றார். பாதி டம்ளரில் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஏம்புள்ள, அந்தப் பெரிய ஊடு. கரண்டு போச்சே. உள்ள என்னதான் இருந்துச்சு?"

"ஒரு அறைங்க. நாற்காலி, மேசை. அக்கட்டப் பக்கம் இன்னொரு கதவுங்க."

"அதுக்கு அக்கட்ட?"

"இன்னம் போகலீங்க."

"போயிட்டுச் சொல்லு," என்று சொல்லிவிட்டு மீதிக் காப்பியைக் குடித்தார்.